ஐந்து மீன், ஒரு கொசுறு

அத்தியாயம் நான்கு

களவு போன நோட்டு, களவு கொடுத்தவரின் மடியிலேயே இருந்தது. துப்பறியும் நிலையம் தொடங்கிய இந்த ஒன்பது ஆண்டுகளில் ஏகநாதன் இப்படியொரு வழக்கைக் கண்டதில்லை.

“சார், பொருள் கையிலயே இருக்கு. கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா?” என்றாள் உதவியாளர் அபிகாயில்.

“டீ சொல். வாயை மூடிக்கொண்டு சொல்.”

“மூடிக்கிட்டு எப்படி சார் சொல்றது?”

முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணியாற்றி, காணாமற்போன மூட்டைகளைத் தேடித் தேடியே தலை நரைத்தவர் ஏகநாதன். ஓய்வு பெற்ற மறுமாதமே, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தையற்கடையின் மாடியைப் பிடித்துப் பலகை மாட்டிவிட்டார். பலகையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. வேலையில் பாதிக்கு மேல் அபிகாயிலுடையது.

எதிரே அமர்ந்திருந்தவர் கங்கையம்மாள். கோவளத்துக் குப்பத்திலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வந்து, இதே தெருமுனையில் பலகை போட்டு மீன் விற்பவர். வயது ஐம்பத்தெட்டு. நாற்பத்தைந்தாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, முதலில் தமிழ் எழுத்தும் பிறகு ஆங்கில எழுத்தும் கற்றார். கற்ற கையோடு ஒரு விசித்திரமான காரியத்திலும் இறங்கினார். ‘லைன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை ஊரார் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று, மீன் வாங்க வருவோரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு தடித்த நோட்டில் எழுதி வந்தார்.

“கண்டக்டரு லைன்ல வான்றான். ஈ.பி. காரன் லைன் கட்டுன்றான். எம் பேத்திய ஒருத்தன் லைன் அடிக்கிறான். நான் குடியிருக்கறது லைன் வூடு. ஒரே வார்த்த இத்தினி வூட்ல வேல செய்யுதே சார், அதுக்கு ஒடம்பு வலிக்காது?” என்று அவர் முன்பு ஒருமுறை கேட்டது ஏகநாதனுக்கு இன்னும் நினைவில் இருந்தது.

அந்தக் கேள்விக்கான பதினோராண்டு உழைப்பே அந்த நோட்டு. பல்லாவரத்தில் அச்சகம் வைத்திருக்கும் கேசவன் அதனைப் புத்தகமாகப் போட இசைந்திருந்தார். அந்த வேளையில்தான் கோவிலம்பாக்கத்திலிருந்து வேறொரு புத்தகம் வெளிவந்தது. ‘லைன்: ஒரு சொல், பல பயன்’. எழுதியவர் ஆங்கிலப் பயிற்சி நிலையம் நடத்தும் தனசேகர். வாக்கியத்துக்கு வாக்கியம் கங்கையம்மாளின் நோட்டு.

“கேசவன் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? ‘ஏம்மா, வந்த புக்கப் பாத்து எழுதிக்கினு வந்தியா’ன்னாரு. நாளிக்குப் பதினோரு மணிக்குள்ள இது என்னுதுன்னு காட்டணுமாம். இல்லாங்காட்டி நோட்ட எடுத்துக்கினு போயிடணுமாம்.” அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். “புக்கு வராட்டி போவுது சார். காப்பி அடிச்சவன்னு பேரு வந்துட்டா, நான் படிச்சதே திருட்டுன்னு ஆயிடுமே. மாலை வகுப்புல யாரு மூஞ்சில முழிப்பேன்?”

“நோட்டு வேறு யார் கைக்காவது போனதா?”

“கூடையை வுட்டு எங்கியும் போவல. போன மழைக்கு உன் பீரோல வெச்சேனே, மூணு வாரம், அதோட சரி. நீதான சொன்ன, மாடில தண்ணி ஏறாது, இங்க பத்திரமா இர்க்கும்னு?”

“ஆமாம். நான்தான் சொன்னேன்.”

ஏகநாதன் நோட்டைப் புரட்டினார். அதன் அமைப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். மொத்தம் ஒன்பது பகுதிகள். அவற்றைக் கங்கையம்மாள் ‘கூறு’ என்பார். கரண்ட் கூறு, போன் கூறு, வீட்டுக் கூறு, காதல் கூறு என்று பலகையில் மீனைக் குவிப்பது போலவே சொற்களையும் குவித்திருந்தார். ரயில் கூறின் முடிவில் மட்டும் ஒரு வரிக்கு இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

“அதுக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் சிக்கல சார்,” என்றார் கங்கையம்மாள்.

ஏகநாதன் அவசரமாக நோட்டை மூடினார். அந்தக் காலி இடத்தின் பொருட்டு அவருக்குள் ஒரு சிறு வெட்கம் இருந்தது. அது என்ன என்பதை உரிய இடத்தில் கூறுவோம்.

“புத்தகத்தை நீங்கள் படித்தீர்களா?”

“ரெண்டு பக்கம். அப்பால கண்ணுல தண்ணி வந்துச்சு, மூடிட்டேன்.”

ஏகநாதன் எழுந்தார். “அபி, கிளம்பு. கோவிலம்பாக்கம்.”

“டீ?”

“மேடவாக்கத்தில்.”

◆

ஷேர் ஆட்டோ கேம்ப் ரோட்டைக் கடந்து சேலையூர், செம்பாக்கம் என்று குலுங்கிக் குலுங்கி ஓடியது. ஓடும் வண்டியில் எழுத்தைப் பார்த்தால் ஏகநாதனுக்குத் தலை சுற்றும். ஆகையால் புத்தகம் அபிகாயிலின் கையில் இருந்தது.

“ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வாக்கியம் என்று மட்டும் சொல்.”

“கரண்ட்டுக்கு ஆறு. ‘லைனில் மின்சாரம் இல்லை’, ‘லைன்மேன் இன்னும் வரவில்லை’, இப்படி அஞ்சு. ஆறாவது, ‘லைனில் துணி காய்கிறது’. அடப்பாவமே, கரண்ட் கம்பியில துணி காயப்போட்டுட்டாரே ஆசிரியர்.”

“அடுத்து?”

“போனுக்கும் ஆறு. ‘லைனிலேயே இருங்கள்’, ‘அவர் வேறு லைனில் இருக்கிறார்’... அஞ்சும் போனு. ஆறாவது, ‘லைன் போட்ட நோட்டு வாங்கி வா’.”

ஏகநாதனின் கண்கள் ஒளிர்ந்தன. “காதலுக்கு?”

“‘லைன் அடிக்கிறான்’ல ஆரம்பிச்சு அஞ்சு. ஆறாவது, ‘பிஸ்கட் லைன் வண்டி வந்துவிட்டது’. கடைகடையா சரக்கு போடற ரூட்டு சார் அது. லவ்வுக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? என் அனுபவத்துல சம்பந்தம் இருக்கு, ஆனா அது வேற கதை.”

“அபி, கங்கையம்மாளிடம் நீ கானாங்கெளுத்தி வாங்கியிருக்கிறாய் அல்லவா? ஒரு கூறுக்கு எத்தனை?”

“அஞ்சு.”

“பேரம் படிந்த பிறகு?”

அபிகாயில் ஒரு கணம் வெளியே பார்த்தாள். “ஒரு காரப்பொடி மீன். கொசுறு.”

“கொசுறு எப்போதும் சின்னதாக இருக்கும். எப்போதும் வேறு சாதி மீனாக இருக்கும். அந்த அம்மாள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. மீனென்றாலும் சொல்லென்றாலும் ஐந்தைக் குவித்து, மேலே ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் கூறை முடிப்பார். திருடியவர் சொல்லை மட்டும் திருடவில்லை. கூறையே வாரிக்கொண்டு போயிருக்கிறார்!”

“சூப்பர் சார்,” என்றாள் அபிகாயில். ஆனால் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. குலுக்கலில் யாருக்குத்தான் துள்ளல் வரும் என்று ஏகநாதன் எண்ணிக்கொண்டார்.

“ரயிலுக்கு எத்தனை?”

பக்கங்கள் புரண்டன. “அஞ்சு.”

“ஆறாவது?”

“இல்ல சார். ரயிலுக்குக் கொசுறு இல்ல. நோட்டுல இருக்கற மாதிரியேதான்.”

ஏகநாதன் தொடையில் தட்டி மகிழ்ந்தார். காலி இடத்தைக்கூட அப்படியே காப்பியடித்த திருடனை அவர் இதுவரை கண்டதில்லை.

◆

தனசேகரின் பயிற்சி நிலையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டின் அடியிலேயே அபிகாயில் நின்றுவிட்டாள்.

“நீங்க போங்க சார். எனக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் அலர்ஜி. மேல போனா தும்முவேன். நான் அந்த டீக்கடையில நிக்கறேன்.”

தனசேகர் நாற்பது வயதுடையவர். நெற்றியில் திருநீற்றுக் கீற்று. மேசையில் அவருடைய புத்தகமே ஒரு கட்டாக அடுக்கப்பட்டிருந்தது. ஏகநாதன் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் சிரித்தார்.

“சார், லைன்ங்கறது ஒரு காமன் வேர்டு. அதை யார் வேணா தொகுக்கலாம். அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரே ஐடியா வந்திருக்கு. கோஇன்சிடென்ஸ்.”

“இருக்கலாம். ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்து வையுங்கள். மின்சாரப் பகுதியில் துணிக்கொடி எதற்கு?”

“அது... பெடகாஜி சார். டீச்சிங் மெத்தட். மாணவர்களுக்கு ஒரு வெரைட்டி.”

“காதல் பகுதியில் பிஸ்கட் வண்டி?”

“அதுவும் வெரைட்டிதான்.”

“நீங்கள் மீன் வாங்குவதுண்டா?”

தனசேகரின் முகம் சுளித்தது. “நாங்க சுத்த சைவம் சார். இந்தத் தெருவுல மீன் வண்டி வந்தாலே ஜன்னலச் சாத்திடுவோம்.”

“அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை,” என்ற ஏகநாதன், மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டு, பேனா மூடி, சாக்பீஸ் எல்லாவற்றையும் அள்ளி ஐந்து ஐந்தாகக் குவித்து, ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு குண்டூசியை வைத்தார். கூறு என்றால் என்ன, கொசுறு என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். “இது உங்கள் பெடகாஜி அன்று ஐயா. கோவளத்து மீன்பலகை. நாளை இதனைக் கேசவனின் அச்சகத்திலும், தேவைப்பட்டால் உங்கள் மாணவர்கள் முன்னிலையிலும் குவித்துக் காட்டுவேன்.”

தனசேகர் நெற்றியைத் துடைத்தார். திருநீற்றில் பாதி கைக்குட்டைக்குப் போயிற்று.

“சத்தியமா அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்ல சார். டைப் பண்ணி, இங்கிலீஷ் அர்த்தமும் போட்டு ஒருத்தர் கொண்டுவந்தாங்க. தன்னோட சொந்தத் தொகுப்புன்னாங்க. ரெண்டு பேர் பேரும் போடலாம்னு பேச்சு. கடைசியில நான்...” அவர் தலைகுனிந்தார். “என் பேர மட்டும் போட்டுட்டேன்.”

“யார் அவர்?”

“வேண்டாம் சார். பேர் போடறேன்னு சொல்லி ஏமாத்தினதே போதும். காட்டிக்குடுக்கறதும் நானாவே இருக்க வேண்டாம்.”

ஏகநாதன் புன்னகைத்தார். பெயரை வரவழைப்பது அவருக்குக் கடினமன்று. பேச்சை இழுப்பதற்காகக் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, மெல்ல விரித்தார். ரயில் பகுதி கண்ணில் பட்டது. பழக்கத்தின் காரணமாக விரலால் எண்ணினார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு.

‘அவருடைய திருமணத்துக்குக் கடைசிவரை லைன் கிளியர் கிடைக்கவில்லை.’

விரல் அந்த வரியின் மேலேயே நின்றுவிட்டது.

வாசகர்கள் அந்தச் சிறு வெட்கத்தை அறிய வேண்டிய இடம் இதுவே. சென்ற மழைக்காலத்தில், நோட்டு தம் பீரோவில் இருந்த நாட்களில் ஒரு மாலை, ஏகநாதன் அதனை எடுத்துப் படித்தார். ரயில் கூறுக்குக் கொசுறு இல்லாதது கண்டு, பழைய பார்சல் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் இப்படி எழுதிச் செருகி வைத்தார்: ‘என் கல்யாணத்துக்குக் கடைசிவரை லைன் கிளியர் கிடைக்கவில்லை.’ முன்னால் உள்ள ஸ்டேஷன் அனுமதி தராமல் ரயில் நகரக்கூடாது. அந்த அனுமதிக்குத்தான் அவர்கள் தொழிலில் லைன் கிளியர் என்று பெயர். எழுதியது வேடிக்கையாகத்தான். நோட்டைத் திருப்பித் தரும் நாளில் வெட்கம் பிடுங்கித் தின்னவே, சீட்டை உருவித் தம் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். கங்கையம்மாள் அதனைக் கண்டதேயில்லை. உலகில் எவரும் கண்டதில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

அந்த வரி நோட்டுக்குள் இருந்தது மொத்தம் பதினெட்டு நாட்கள். அந்தப் பதினெட்டு நாட்களும் நோட்டு பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. பீரோவுக்குச் சாவி இரண்டு.

“சார்? தண்ணி வேணுமா?” என்றார் தனசேகர்.

“பெயர் வேண்டாம்,” என்றார் ஏகநாதன். “நீங்கள் சொல்ல வேண்டாம்.”

◆

திரும்பும் வழியில் அபிகாயில்தான் பேசிக்கொண்டு வந்தாள். டீயில் சர்க்கரை அதிகம் என்றாள். டீக்கடைக்காரர் மீசை, டீத்தூள் வடிகட்டி மாதிரி இருக்கிறது என்றாள். ஏகநாதன் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்பாக்கம் தாண்டியதும் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாடி ஏறினார்கள். ஏகநாதன் இழுப்பறையைத் திறந்து, பார்சல் சீட்டை எடுத்து, மேசையின் நடுவே வைத்தார். பக்கத்தில் புத்தகத்தை ரயில் பகுதியில் விரித்து வைத்தார்.

அபிகாயில் நின்றபடியே இரண்டையும் பார்த்தாள்.

“நீங்க அந்த அம்மாவுக்குன்னே எழுதிக் குடுத்ததுன்னு நெனச்சேன் சார். சீட்டைத் திருப்பி எடுத்துருவீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா டைப் பண்ணியிருக்க மாட்டேன்.”

“ஆட்டோவில் ஐந்து என்றாயே?”

“ஆட்டோ நிக்கற வரைக்குமாவது மறைக்கலாம்னு பார்த்தேன்.”

“எதற்காக அபி?”

அவள் வாய் ஒரு வேடிக்கைக்காகத் திறந்தது, வேடிக்கை வரவில்லை. “கீழ ஒரு பலகை இருக்கு சார். ஒன்பது வருஷமா அதை நான்தான் துடைக்கறேன். அதுல என் பேர் இல்ல. ஒரு புக்குல இருக்கட்டுமேன்னு தோணிச்சு. இங்கிலீஷ் அர்த்தம் பூரா நான் போட்டது. அந்த ஆளு அதையும் முழுங்கிட்டான்.”

“உன் பெயரை அவன் முழுங்கியது தெரிகிறது. அந்த அம்மாள் பெயரை யார் முழுங்கியது?”

அபிகாயில் விரித்திருந்த புத்தகத்தை மூடினாள்.

“காலையில் அவர் இதே நாற்காலியில் அமர்ந்து அழுதார். நீ டீ சொல்லட்டுமா என்றாய்.”

“வேற என்ன சார் சொல்றது? வேற எதையாவது சொன்னா நானும் அழுதிருப்பேன்.”

கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏகநாதனுக்கு ஒரு ஐயம் மட்டும் மிச்சமிருந்தது. துப்பறிபவர் என்ற முறையில் அதனைக் கேட்காமல் விட அவரால் முடியவில்லை.

“அவன் சைவம். அவனுக்குக் கூறு தெரியாது. வாரம் தவறாமல் மீன் வாங்குபவள் நீ. கொசுறை எடுத்துவிட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஏன் விட்டாய்?”

“அது அவங்க கையால போட்டது சார்,” என்றாள் அபிகாயில். “அதை எடுக்க மட்டும் மனசு வரல.”

அவள் கைப்பையைத் துழாவி, பீரோ சாவியை எடுத்துச் சீட்டின் பக்கத்தில் வைத்தாள். ஏகநாதன் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நடந்ததை எழுது. நாளை காலை கேசவனின் மேசையில் இருக்க வேண்டும்.”

“தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?”

“அந்த அம்மாள் யார் துணையுமின்றித் தானே படிக்கும்படி எழுது.”

◆

மறுநாள் பதினோரு மணிக்கு, பல்லாவரம் அச்சகத்தில், கங்கையம்மாள் அந்தத் தாளை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கேசவன் தம் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே நோட்டு அச்சேறும் என்றார். அட்டையில் கங்கையம்மாளின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கையால் அளந்தும் காட்டினார். தனசேகர் தம் புத்தகத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தந்த கடிதமும் வந்து சேர்ந்தது.

கங்கையம்மாள் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

“அந்தப் பாப்பா வரலியா?”

“இல்லை அம்மா.”

“மழைல நனைஞ்சுக்கினே வந்து மீனு வாங்குமே சார். கொசுறு நான் ரெண்டா போடுவேன் அதுக்கு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஏகநாதன் சட்டைப் பையிலிருந்து பார்சல் சீட்டை எடுத்து நீட்டினார். “இது உங்களுக்கென்று எழுதியது. ரயில் கூறுக்கு. அன்றே தந்திருக்க வேண்டும்.”

கங்கையம்மாள் வாங்கிப் படித்தார்.

“பீரோல வெய்யி, பத்திரம்னு சொன்ன. பூட்டு எத்தினி, சாவி எத்தினின்னு நான் கேக்கல. உன் வார்த்தய நம்பி வெச்சேன் சார்.” சீட்டை மடிக்காமல் ஏகநாதன் கையிலேயே திருப்பி வைத்தார். “எடுத்தது அந்தப் பாப்பாதான். ஆனா வெச்சது உன்கிட்ட. ரயிலுக்கு நானே தேடிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏகநாதன் வழக்கம்போல் தெருமுனைக்குச் சென்றார். பலகையில் கானாங்கெளுத்தி பளபளத்தது. அவர் ஒரு கூறைச் சுட்டிக்காட்டினார், பேரம் பேசவில்லை. கங்கையம்மாள் ஒவ்வொரு மீனாக எடுத்துப் பையில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஏகநாதன் பையை விரித்துப் பிடித்தபடியே நின்றார். பலகையின் ஓரத்தில் காரப்பொடி சிறு குவியலாகக் கிடந்தது.

“அவ்ளோதான் சார்,” என்ற கங்கையம்மாள், அவருக்குப் பின்னால் நின்றவரை நோக்கினார். “உனுக்கு இன்னாம்மா வேணும்?”